எழுபத்திரண்டு படிக்கு மேலே ஒரு ரேடியோ

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனால் தரைத்தளத்தில் குடியிருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்கள் மாடிப்படியில் யாரும் இல்லை. அவருக்கும் அது பழகிப்போயிருந்தது. "டாக்டர் வீட்ல யாருக்கும் சளி பிடிக்கறதில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். அவருடைய பெயர் பால்காரருக்குக்கூடத் தெரியாது. எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டுக்காரர்தான். அவர் மனைவி, வாசல் அறையில் மிஷின் போட்டுத் துணி தைப்பவர், டெய்லர் அக்கா.

நான் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். அவர்களோடு எனக்கு முதலில் ஏற்பட்ட உறவு சண்டைதான். மொட்டைமாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. அதில் அவர் தூரத்து ஆட்களோடு பேசுகிற ஒரு அமெச்சூர் ரேடியோ வைத்திருந்தார். முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்மூலைக் கம்பம் வரை நீளமாக ஒரு ஏரியல் கம்பி கட்டியிருந்தார். அவர் அதில் பேசும்போதெல்லாம் என் வீட்டு அழைப்புமணி தானாக அடிக்கும். கதவைத் திறந்தால் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு முறை கீழே போய்க் கத்திவிட்டு வந்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மணியின் ஒயரைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போனார். அதன்பின் பத்து தடவை அடித்தது ஒரு தடவையாகக் குறைந்தது.

அந்த ரேடியோவில் அவர் என்னதான் பேசினார் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். காலை ஏழேகாலுக்கு ஒருவரோடு பேசுவார். அந்த மனிதர் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நானூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு நகரத்தில் இருந்தார். கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. பதினான்கு வருடங்களாகத் தினமும் பத்து நிமிடம் இருவரும் பேசிக்கொண்டார்கள். மழை பெய்ததா, முதுகுவலி எப்படி, நேற்று எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றது, இப்படி. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏன் வாங்கல?" என்று அக்கா ஒருநாள் கேட்டாராம்.

"தினமும் வாசல்ல பாக்கற ஆள்கிட்ட போன் நம்பர் கேப்பியா?" என்றாராம் அவர்.

முப்பது வருடம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று, ஆறு மாடி ஆழத்தை எட்டிப் பார்த்தபடி வேலை செய்தவர். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவர் எங்கள் கட்டட வாசலில், ஈரமான கால்மிதியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆயிற்று. உள்ளே உலோகம் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: நான்கு மாதத்துக்குப் படி ஏறவே கூடாது. அவர் வீட்டு வாசலிலிருந்து மொட்டைமாடி அறைவரை எழுபத்திரண்டு படிகள்.

படுத்த முதல் மாதம் அவர் ரேடியோவைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று அக்கா சொன்னார். வலி ஒரு காரணம். ஆனால் காலை ஏழு மணி ஆனதும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். ஏழரை தாண்டியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம்.

ஒருநாள் காலை, திரைத்துணிகளைக் காயப்போட மேலே கிளம்பிய அக்காவிடம் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, போறதுதான் போற, அந்த ரேடியோவைக் கொஞ்சம் போட்டுப் பாரேன். ஓடுதான்னு மட்டும் பாத்தா போதும். வேற எதையும் தொடாத."

அக்கா போட்டார். முதலில் இரைச்சல்தான் வந்தது. பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு வயதான குரல் நிதானமாகக் கூப்பிட்டது. "லிஃப்ட்டுக்காரரே, இருக்கீங்களா? நான்தான் பேசறேன். லிஃப்ட்டுக்காரரே?" மறுபடியும் அதே அழைப்பு. ஐந்தாறு முறை கூப்பிட்டுவிட்டு, "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று அந்தக் குரல் போய்விட்டது.

அக்கா திரைத்துணிகளை அப்படியே வாளியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார். அன்று நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். என்னைக் கடந்து போனவர் முகம் சரியாக இல்லை.

"அவர் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காருங்க" என்று கணவரிடம் சொன்னார். "நான் பதில் சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை, விழுந்துட்டார், நல்லா இருக்கார்னு?"

"கூடாது. உனக்கு லைசென்ஸ் இல்ல."

"சரி, நான் பொத்தானை அமுக்கறேன். நீங்க கீழேருந்து போன்ல பேசுங்க. போனை மைக் பக்கத்துல பிடிக்கறேன்."

"அமுக்கற கை லைசென்ஸ் உள்ள கையா இருக்கணும்மா" என்றார். இப்படிப் பிடிவாதமான மனிதரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியது தான்தான் என்று அக்கா பின்னால் என்னிடம் பெருமையும் சலிப்புமாகச் சொன்னார்.

கடிதம் எழுதிப் பார்த்தார்கள். எப்போதோ அந்தக் கப்பல்காரர் அனுப்பிய அட்டையில் முகவரி இருந்தது. கடிதம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை.

அடுத்த யோசனை ரேடியோவையே கீழே கொண்டுவருவது. அதற்கு ஏரியலிலிருந்து விரல் பருமன் கேபிள் ஒன்று மூன்று வீட்டு ஜன்னல்களை ஒட்டிக் கீழே இறங்க வேண்டும். அக்கா வீடு வீடாக வந்து கேட்டார். முதல் மாடிக்காரர் முடியாது என்றார். மூன்றாம் மாடியில், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றார்கள். நான், "ஏற்கெனவே மணி அடிக்குதே அக்கா" என்று இழுத்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. சில வருடங்களுக்கு முன் அவர் டிவி கேபிள் போகும் குழாய் வழியாக ஒரு மெல்லிய நீல நெட்வொர்க் ஒயரை மேலே இழுத்திருந்தார். கீழே ரவுட்டர், மேலே ரேடியோவோடு இணைத்த ஒரு பழைய லேப்டாப். அந்த ஒயர் வழியாகக் கட்டிலில் இருந்தபடியே தொடுதிரை டேப்பில் ரேடியோவை இயக்கலாம். பொத்தானை அமுக்குவது அவர் விரல்தான், ரேடியோ மட்டும் எழுபத்திரண்டு படிக்கு மேலே இருக்கும். செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மேலே போய்ப் பார்க்கக் கண்ணும் கையும் வேண்டுமே. அக்காதான் ஏறினார்.

முதல் நாள் எல்லாம் சரியாக வேலை செய்தது, அரைமணி நேரத்துக்கு. பிறகு டேப்பில் படம் உறைந்துவிட்டது. அக்கா மேலே போய்ப் பார்த்தால் லேப்டாப் திரை கறுப்பாக இருந்தது. தொட்டதும் விழித்துக்கொண்டது. அவர் இறங்கி வருவதற்குள் மறுபடியும் தூங்கிவிட்டது.

"உங்களை மாதிரியே இருக்கு" என்றார் அக்கா. "யாராவது பக்கத்துல நின்னாத்தான் முழிச்சிருக்கும்."

தூங்காதே என்று அதற்குச் சொல்லும் அமைப்பை அவர் போனில் சொல்லச் சொல்ல, அக்கா தேடி மாற்றினார். மறுநாள் கரண்ட் போய் வந்தது. அதன்பின் டேப் மேலே இருக்கும் லேப்டாப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. காலையெல்லாம் முட்டி மோதிவிட்டு அவருக்கு விளங்கியது. ரவுட்டர் அணைந்து எரிந்ததும் லேப்டாப்புக்கு வேறு எண் கொடுத்துவிட்டிருக்கிறது. டேப் பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"பத்தாம் நம்பர் வீட்ல இருந்தவன் சொல்லாம கொள்ளாம இருபத்து மூணுக்குக் குடி போயிட்டான்" என்று அக்காவுக்கு விளக்கினார். "அவனுக்கு அந்தப் பத்தாம் நம்பரை நிரந்தரமா எழுதிக் கொடுத்துட்டா சரியாயிடும்." ரவுட்டர் கட்டில் பக்கத்திலேயே இருந்ததால் இதை அவரே செய்தார். எத்தனையோ வாரத்துக்குப் பின் தன் கையால் ஒரு பழுதைச் சரிசெய்த திருப்தியில் அன்று இரண்டு தட்டு நிரம்பச் சாப்பிட்டார் என்று அக்கா எனக்குச் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஏழேகாலுக்கு, கட்டிலில் சாய்ந்தபடி, அவர் அந்தக் குரலைக் கேட்டார். "லிஃப்ட்டுக்காரரே, இருக்கீங்களா?" அவர் டேப்பில் பேசும் பொத்தானை அமுக்கவில்லை. முதலில் வெறும் சோதனைச் சத்தம் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவருடைய வேலை ஒழுங்கு. லிஃப்டிலும் அப்படித்தான். ஆள் ஏறும்முன் வெறும் கூண்டை ஓட்டிப் பார்ப்பார். கப்பல்காரர் விடைபெறும்வரை காத்திருந்து, பிறகு ஆளில்லாத ஒரு அலைவரிசைக்கு மாற்றிச் சோதனைப் பொத்தானைத் தொட்டார்.

அந்த நேரம் என் வீட்டு அழைப்புமணி அடித்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. நான் கதவைத் திறந்தேன். டெய்லர் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சிரைக்க மாடிப்படி ஏறி ஓடிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா?"

"வந்து சொல்றேன்!"

அவர் மேலே போய் ஒரு நிமிடத்தில் மணி நின்றது. நடந்தது இதுதான்: ரேடியோ அலையை அனுப்ப ஆரம்பித்ததும் நெட்வொர்க் அறுந்துவிட்டது. "நிறுத்து" என்று கீழேயிருந்து சொன்னால் கேட்க மேலே யாரும் இல்லை. ரேடியோ பாட்டுக்கு அலையைக் கொட்டிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைக்க வேண்டியதாயிற்று.

திரும்பி இறங்கியவர் என் வாசலில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. அந்த வயதான குரல், திரும்பி வந்த கடிதம், எல்லாம்.

"அக்கா, என் ஜன்னல் பக்கமா கேபிளை விட்டுக்கோங்க" என்றேன்.

"கீழ்வீட்டுக்காரர் விட மாட்டார்டி. விடு. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இதையே பாத்துடலாம்" என்றார். அதோடு மேலே சொன்னார்: "முன்னாடியெல்லாம் அந்த ரேடியோவை எனக்குச் சக்களத்தி மாதிரி நெனச்சேன். இப்ப அதுக்கு நான்தான் நர்ஸ்."

இனி அக்கா ஓட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக முதல் வேலையாக ரேடியோவிலேயே ஒரு காவல் வைத்தார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அனுப்பினால் தானாக நின்றுவிடும். பிறகு காரணத்தைத் தேடினார்கள். அக்கா போனில் வீடியோ போட்டு அறையைச் சுற்றிக் காட்டினார்.

"அந்த நீல ஒயர் எது வழியா போகுது? மெதுவா காட்டு... நில்லு, நில்லு. அது ஏரியல் கேபிளோட சேத்துக் கட்டியிருக்கே?"

"ஆமா. தொங்கிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. போன வருஷம் நான்தான் நாடா போட்டுச் சேத்துக் கட்டினேன்."

"அழகாத்தான் கட்டியிருக்க" என்றார் அவர். "பிரிச்சுடு."

ஏரியல் கேபிளில் போகும் சக்தி பக்கத்திலேயே இருந்த நீல ஒயரில் புகுந்து நெட்வொர்க்கைக் கலைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்து எதிரெதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார்கள். சார்ஜர் ஒயர்களின் நுனியில் கறுப்பாக ஒரு புடைப்பு இருக்குமே, வேண்டாத அலையைத் தடுக்கும் அந்த ஜாதி ஃபெரைட் வளையங்கள் ஆறு வாங்கி, நீல ஒயரிலும் லேப்டாப்பிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒயரிலும் மாட்டினார் அக்கா. ஒவ்வொரு வளையத்திலும் ஒயரை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும் என்றார் அவர். பட்டன்துளை தைக்கிற கைக்கு இது பெரிய வேலையா? மறுபடி சோதனைச் சத்தம் அனுப்பினார். நெட்வொர்க் அசையவில்லை. என் மணி ஒரே ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது.

மறுநாள் காலை. எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவை மேலே, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். ஏழேகாலுக்கு அழைப்பு வந்தது. அவர் பேசும் பொத்தானை அமுக்கினார். மேலே ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே, நான்தான் பேசறேன். விழுந்துட்டேன், ஆனா நல்லா இருக்கேன்..." இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டார்.

பிறகு கப்பல்காரர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"லிஃப்ட்டுக்காரரே, உங்க ஸ்டேஷன் மாதிரிதான் இருக்கு. ஆனா உங்க குரல் வரல. ஒரு அம்மா பேசறாங்க. கம்ப்யூட்டர்லயும் ஃபேன்லயும் ஒரு விரக்கடை தூசின்னு சொன்னாங்க. அவருக்கு இடுப்பு போச்சு, எனக்கு முட்டி போச்சு, ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு முழு ஆளுன்னு சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம்... நான் கூப்பிடறதைக் கேட்டுட்டு நீங்க போர்வைக்குள்ள அழறீங்களாம். அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்களாம்."

லிஃப்ட்டுக்காரர் டேப்பை மடியில் வைத்துவிட்டுப் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்க தம்பி" என்றது குரல். "இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அந்தம்மா குரல் தூரத்துல இருந்து வருது. பின்னாடி ஃபேன் ஓடற சத்தம் கேக்குது. உங்க பேச்சு ரேடியோவுக்குப் போகல. கம்ப்யூட்டரோட சொந்த மைக் தெறந்து கிடக்கு. அதை மாத்துங்க. நான் இங்கயேதான் இருக்கேன். எங்கயும் போகல."

கண் தெரியாத மனிதர் நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காதாலேயே பழுதைக் கண்டுபிடித்துவிட்டார். சோதனை முழுவதையும் ரேடியோவின் சொந்தச் சத்தத்தை வைத்தே செய்ததால், மைக்கை யாரும் சோதிக்கவே இல்லை. பொத்தானை அமுக்கியது கீழே, காற்றில் போனது மேலே அக்கா தனக்குத்தானே புலம்பியது.

அவர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "முதல்ல வாயை மூடு."

"என்னது?"

"நீ பேசறதெல்லாம் ஊருக்கே கேக்குது!"

மேலே அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாராம். போன் கீழே விழுந்தது. பிறகு எடுத்து, அவர் சொன்ன பட்டியலைத் திறந்து, மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் பெயரை எடுத்துவிட்டு, நெட்வொர்க் வழி வரும் ஒலியைத் தேர்ந்தெடுத்தார். அவசரத்தில் இரண்டு முறை தவறிப்போயிற்று.

"அண்ணே" என்றார் லிஃப்ட்டுக்காரர். "இப்ப கேக்குதா?"

இரைச்சல் மட்டும். ஐந்து நொடி, பத்து நொடி.

"கேக்குது" என்றார் கப்பல்காரர். "நல்லா கேக்குது தம்பி."

அன்று பத்து நிமிடம் போதவில்லை. கப்பல்காரர் மகன் வீட்டுக்குக் குடிமாறியிருந்தார். பால்கனிக் கம்பியில் ஒரு சின்ன ஏரியல் கட்டிக்கொண்டு, எழுபத்தோரு நாளும் விடாமல் கூப்பிட்டிருக்கிறார். "போதும்ப்பான்னு பையன் சொன்னான். கூப்பிடறதை நிறுத்தினா, நீங்க போயிட்டீங்கன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்ல? அதான் நிறுத்தல." முதல் வேலையாக போன் நம்பர் கொடுத்தார். புது முகவரியும் கொடுத்தார்.

லிஃப்ட்டுக்காரர் பேசிய விவரங்களை எழுதிவைக்கும் நோட்டில் அன்றைய பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். நேரம், அலைவரிசை எல்லாம் எழுதி, கீழே நேர்மையாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "7.16 முதல் ஒரு நிமிடத்துக்குள் - என் மனைவி, தவறுதலாக."

அந்த வரியைப் பார்த்து அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "அது என்ன தவறுதலாக? நான் என்ன தப்பாப் பேசிட்டேன்?"

"தப்பாப் பேசினன்னு எழுதல. லைசென்ஸ் இல்லாம..."

"அந்தப் பரீட்சைப் புத்தகம் எங்க இருக்கு? எடுங்க. இனிமே என்னை வாயை மூடுன்னு சொல்ல ஒருத்தனுக்கும் உரிமை இருக்கக் கூடாது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். மிஷின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஜிப் மாற்றுகிற நேரத்தில் படித்தார். பாபின் சுற்றிக்கொண்டே மின்னோட்டத்துக்கான சூத்திரத்தை முணுமுணுத்தார். முதல் தடவை மூன்று மதிப்பெண்ணில் கோட்டைவிட்டார். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. இரண்டாம் தடவை தேறிவிட்டார், லைசென்ஸும் வந்தது. கப்பல்காரர் அன்று ஏழேகாலுக்கு அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார். லிஃப்ட்டுக்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

நான்கு மாதம் சொன்ன டாக்டர் ஆறு மாதம் கழித்துத்தான் படி ஏற அனுமதித்தார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்து, லிஃப்ட்டுக்காரர் மேலே போனார். அக்கா பின்னால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். என் வாசலில் அதைப் போட்டு அவரை உட்காரவைத்தோம். "எத்தனை கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டிருப்பேன்" என்று சொல்லி மூச்சு வாங்கிச் சிரித்தார். இந்த முறை அவர் சிரித்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

இப்போது அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். லிஃப்ட் குழிக்குள் இறங்குவதில்லை. புதிதாக மாட்டிய லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். காலை ஆறேமுக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் ஏழேகால் பேச்சு அக்காவுடையதாகிவிட்டது. அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் ஒற்றை இயர்போனை மாட்டிக்கொண்டு, போன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து, இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே போகிறார். போன வாரம் கப்பல்காரரின் சட்டையில் ஒரு பட்டன் அறுந்துவிட்டதாம். மருமகளைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனமில்லை. பார்க்காமல், தொட்டே ஊசியில் நூல் கோப்பது எப்படி என்று அக்கா பத்து நிமிடமும் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.